மெத்தை கிடந்த ஓடை

விதி ஒன்றுதான்.
பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது.
ரத்தம் என்றால் திறக்கலாம்,
பாம்பு என்றால் திறக்கலாம்.
மற்றபடி விழுந்த மரத்தில் உட்கார்ந்து
தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடுகள் முடிந்து
உம்லாஸி தொடங்குமுன் நிற்கிற இந்தக் காட்டை
காடாக இருக்கட்டும் என்று யாரும் விட்டதில்லை.
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்,
நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாதென்று
பழைய சர்க்கார் வரைபடத்தில் விட்ட வெள்ளை.
வெள்ளையில் மரம் முளைத்துவிட்டது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு
இரண்டு சரிவிலிருந்தும் இறங்குகிறார்கள்
பதினேழு பிள்ளைகள்.
இன்றைக்கு என்ன என்பது அவர்கள் பாடு.
போன வாரம் முழுக்க ஒரு கறையான் புற்றருகே
ஒன்றும் செய்யாமல் குப்புறப் படுத்திருந்தார்கள்.
இதுவும் ஒரு பாடமா என்று
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

என் மகன் கிவேஷன் வகுப்பில் பேசாதவன்.
ரிப்போர்ட்டில் மூன்று வருஷமாக அதே வரி.
இங்கே லுவாண்ட்லேயோடு கத்துகிறான்,
அணைக்குக் களிமண் முதலா கல் முதலா என்று.
பாதி இங்கிலீஷ், பாதி ஸூலு,
கோபம் முற்றினால் மட்டும் "சும்மா இருடா".
லுவாண்ட்லேயும் இப்போது
"சும்மா இருடா" என்றுதான் திட்டுகிறான்.

இன்று அவர்களுக்கு முந்தியே
யாரோ அணை கட்டியிருந்தார்கள்.
ஒரு டபுள் மெத்தை.
நீலப் பூப்போட்டது,
தண்ணீர் குடித்து எருமையாய்ப் பருத்தது.

எனக்குத் தெரியும் அந்தப் பூ.
ஒன்பது வருஷம் அதன்மேல் புரண்டிருக்கிறேன்.
மே மாதம், இரவு பதினொன்றுக்கு,
கொழுந்தனின் பக்கி வண்டியில்,
விளக்கை அணைத்துக்கொண்டு,
நானும் என் வீட்டுக்காரரும்.
இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

பிள்ளைகள் பார்த்தார்கள்.
சுற்றி உட்கார்ந்து துப்புத் துலக்கினார்கள்.
லாரியிலிருந்து விழுந்திருக்கும், என்றாள் திருஷா.
லாரிக்கு வழி ஏது, என்றாள் ஸிபஹ்லே,
காளானைப் பார், வந்து பல மாதம் ஆச்சு.
மெத்தைக்குள் ஒரு தவளை குடித்தனம்.
அதற்குப் பட்டா உண்டா இல்லையா என்று
அரை மணி நேரம் வழக்கு.
எல்லா வாயிலும் உம்டோனிப் பழம்.
எங்கள் நாவலுக்குப் பங்காளி அந்த மரம்.
எந்த ஊதா நாக்கு எந்தச் சரிவினுடையது
என்று சொல்ல முடியவில்லை.

மரத்தில் என் பக்கத்தில் நொம்வேலோ,
லுவாண்ட்லேயின் அம்மா.
ஐந்து வாரமாய் வெறும் தலையாட்டல்.
எவர் செய்த வேலை இது, என்று
அவள் புருவம் கேட்டது.
நான் போத்தல் மூடியைத் திருகினேன்.
வாய்மூடி இருப்பது
இவ்வளவு சௌகரியமாய் இருந்ததில்லை.

கிவேஷன் மட்டும் எதுவும் சொல்லாமல்
மெத்தையின் மூலையில் குந்தியிருந்தான்.
விரல் ஒரு தையலைத் தடவியது.
கறுப்பு நூல், கோணல் தையல்.
ஐந்து வயதில் கத்தரிக்கோலால் அவன் கிழித்தது,
திட்டிக்கொண்டே நான் தைத்தது.
தலை தூக்கினான். என்னைப் பார்த்தான்.
திரும்பிக்கொண்டான்.

அவசரப்படுத்தவில்லை.
குறிப்புக் கொடுக்கவில்லை.
தானாய்க் கண்டுபிடிக்கட்டும் என்று
நாங்கள் அவர்களை விடுவதுபோல்
என்னை விட்டுவிட்டான்.

எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன்.
ரத்தமில்லை, பாம்புமில்லை, என்றேன்,
ஆனால் நான் பேச வேண்டும்.

பதினேழு பேரும் கேட்டார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
திருஷாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்,
லாரிக் கதை நன்றாகத்தான் இருந்தது.
தவளையை முதலில் வீடு மாற்ற வேண்டும்
என்று தீர்ப்பாயிற்று. மாற்றினார்கள்.

பிறகு ஒரு முனையில் நான்.
மறு முனையை யாரும் கேட்காமலே
நொம்வேலோ பிடித்தாள்.
முழங்காலுக்கு மேல் சேறு.
நான் "ஒன்று" என்றேன்,
அவள் "குபிலி" என்றாள்,
"மூன்று" சொல்ல மூச்சில்லை.
மெத்தை கரையேறியதும்
ஓடை ஏப்பம் விட்டு ஓடியது.

சேற்றில் அப்படியே உட்கார்ந்தவள்
பிள்ளைகள் காதில் விழாதபடி,
கொஞ்சம் மேலே போனால், என்றாள்,
புதர் மறைவில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது.
அடுத்த சனிக்கிழமை
நானும் பேச வேண்டியிருக்கும்.