மூன்றாவது வரி

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கார் சூடேறப் பத்து நிமிடம் வேண்டும்.
முன்லாச்சிக்குள் கை விட்டுத் துழாவுகிறேன்.
காலாவதியான காப்புறுதி அட்டை,
ஒற்றைக் கையுறை,
கோப்பிக் கடைத் துடைதாள் ஒன்று.
அதில், போன மார்கழி முப்பத்தொன்றில்
நான் எழுதிவைத்த ஐந்து தீர்மானங்கள்.

ஒன்று. கடனட்டையை அடைப்பது.
பாதி அடைத்தேன்.
மற்றப் பாதியை ஆடி மாதம்
இந்தக் காரின் கியர்ப்பெட்டி தின்றது.
இதற்குள் இருந்துகொண்டே இதைத் திட்ட
மனம் வரவில்லை.

இரண்டு. நீந்தப் பழகுவது.
மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டாமாம்.
நான் மீன்குஞ்சில்லை.
பதினொரு வகுப்பு,
பக்கத்து வரிசையில் ஆறு வயதுப் பிள்ளைகள்.
கடைசி நாள் கரையை விட்ட கையோடு
பதினேழு செக்கன் மிதந்தேன்.
கூரையில் ஓடிய குழாய்களை எண்ணினேன்:
ஒன்பது.

நான்கு. நளாயினியோடு கதைப்பது.
(மூன்றுக்குப் பிறகு வருகிறேன்.)
ஐப்பசியில் எடுத்தேன்.
மார்க்கத்தில் கத்தரிக்காய் என்ன விலை என்றேன்.
சொன்னாள். அங்கே என்ன விலை என்றாள்.
நாற்பது நிமிடம் மரக்கறி.
காணி உறுதியில் அவள் வைத்த கையெழுத்து
இரண்டு தொண்டையிலும் முள்ளாய் நின்றது.
வைக்கும்போது,
"குளிருக்குள்ள உடம்பைப் பார்" என்றாள்.
முடிந்தது என்று இதற்குக் கோடு போடலாமா?
அரைக்கோடு போட்டேன்.

ஐந்து. சொறி சொல்வதைக் குறைப்பது.
ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.
மதியத்துக்குள் இருபத்து மூன்று.
அதில் ஒன்று கதவுக்கு.
எண்ணுவதை விட்டேன்.

இனி மூன்று.
கோப்பி சிந்தி மை பரவியிருக்கிறது.
முதலெழுத்து ம. கடைசி எழுத்து து.
நடுவில் பழுப்பாய் ஒரு குளம்.

து உதவாது.
தமிழில் செய்ய நினைப்பதெல்லாம்
துவில்தான் முடிகிறது:
விடுவது, தொடங்குவது, திருத்துவது, திரும்புவது.

ம மட்டும் மிச்சம்.
மறப்பதா, மன்னிப்பதா?
அவ்வளவு பெரிதாய் எழுதுகிற ஆள் நானில்லை.
மருந்தை நேரத்துக்கு எடுப்பதாய் இருக்கும்.
மணியடிக்க முன் எழும்புவதாய் இருக்கும்.
மயூரதன் பெயரை வங்கிக் கணக்கிலிருந்து
நீக்குவதாய் இருந்தால்,
அது வைகாசியிலேயே முடிந்தது.
பன்னிரண்டு நிமிட வேலை.
வங்கிப் பெடியன் இனிய நாள் ஆகட்டும் என்றான்.

ஒரு வருசம் முழுக்க
என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு
நான் வாக்குக் கொடுத்திருந்திருக்கிறேன்.
செய்தும் முடித்திருக்கலாம்.
பங்குனியில் ஒருநாள்
திருமதி ஹால்வர்சனுக்குத் தலை இழுத்து முடித்த பின்னும்
சம்பளமில்லாத இருபது நிமிடம்
அவர் வீட்டில் சும்மா இருந்தேன்.
கூரையிலிருந்து பனி வழுகி விழுவதை
இரண்டு பேரும் பார்த்தோம்.
மவுனமாய் இருப்பது.
ம இருக்கிறது, து இருக்கிறது.
ஆனால் அப்படி ஒரு தீர்மானத்தை
யார் கோப்பிக் கடையில் இருந்து எழுதுவார்கள்?

பேனை உறைந்து எழுத மறுக்கிறது.
கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கி
பார்க்கிங் துண்டின் முதுகில் எழுதுகிறேன்.

ஒன்று. மற்றப் பாதி.
இரண்டு. முப்பது செக்கன்.
நான்கு. நளாயினி, மரக்கறி தவிர்த்து.
ஐந்து வேண்டாம், கதவு கோபிக்கும்.
மூன்று. போன வருசத்தது.

கியரில் கை வைத்த பிறகுதான் நினைவு வருகிறது.
போன தை மாதம்
எஞ்சினைச் சூடாக்கும் வயரைக் கழற்றாமல் புறப்பட்டு
சுவர்ச் செருகியையும் பிய்த்துக்கொண்டு
தெருமுனை வரை இழுத்துப் போனேன்.

இறங்குகிறேன்.
மூக்கு மயிர் உறைகிறது.
கழற்றி, சுருட்டி, பம்பருக்குள் செருகுகிறேன்.
இது எந்தப் பட்டியலிலும் இல்லை.