சான்றுப்பொருள் பதினேழு

மியூனிக், காப்புரிமை நீதிமன்றம், மூன்றாம் தளம்.
ஐந்து நீதிபதிகள். தண்ணீர் ஜாடிகளுக்கு நடுவே
ஒன்பது பந்துகள்.
உருண்டுவிடாதபடி ஒவ்வொன்றின் அடியிலும்
ஒரு காபித் தட்டு. வைத்தது நான்.
பதிவெழுத்தர் வேலையில் இதுவும் சேர்த்தி.

காலை முழுக்க ஒரே சொல்லைப் பிய்த்தார்கள்:
"ஏறக்குறைய."
கோரிக்கை ஒன்று: பன்னிரண்டு பட்டைகள்,
ஒரு முனை அகன்று, மறுமுனை ஒடுங்கி,
ஏறக்குறைய வளைந்து,
ஒன்றின் அகலம் மற்றதன் ஒடுக்கத்தில் அமர்ந்து,
பறக்கையில் பந்து தள்ளாடாதபடி.
டாக்டர் லூடெக்கே வளைவில் கோணமானி வைத்தார்.
எதிர்த்தரப்பு வேறொரு கோணமானி கொண்டுவந்திருந்தது.
ஹிரோஷிமாவிலிருந்து வந்த குராமிட்சு,
வரைந்தவர், பேசவே இல்லை.
தன் பந்தைக் கட்டைவிரலால் அவ்வப்போது அழுத்தினார்,
பழுத்துவிட்டதா என்று பார்ப்பவர்போல.

சாப்பாட்டுக்குப் பின் சாட்சி. ரோஸ்விதா ட்சாபெல்,
ரோஸ்டாக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
காய்கறிப் பையிலிருந்து எடுத்து வைத்தார்
ஒரு ஹேண்ட்பால். பாதி மூச்சில், சப்பி,
வாடிய கத்திரிக்காய் நிறத்தில்.

"எண்பத்தொன்று. பந்து கிழிந்தது.
புதுசு கேட்டு எழுதினோம்,
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.
பழைய பூட்ஸ் இருந்தது. பூட்ஸின் நாக்கு
எப்படி வளைந்திருந்ததோ அப்படியே தைத்தோம்.
ஆறு பேர். பன்னிரண்டு நாக்கு."

"பொதுமக்கள் யாரேனும் பார்த்தார்களா?"
சட்டத்துக்கு அதுதான் உயிர்.

"எதிரணிக் கோல்கீப்பர் பார்த்தாள்.
பிடிக்கத்தான் முடியவில்லை."

தலைமை நீதிபதிகூடக் குனிந்து சிரித்தார்.
சிரிப்பை நான் பதியவில்லை.

தையலின் உட்புறம் பார்த்தாக வேண்டும் என்றது எதிர்த்தரப்பு.
நிபுணர் கத்தியை எடுத்தார்.
ரோஸ்விதா எழுந்தார்.
"ஒரு நிமிஷம். அன்றைக்குப் பம்பு இல்லை.
வாயால்தான் ஊதினோம், ஆளுக்கொரு மூச்சு.
கடைசியாக ஊதி முடிச்சுப் போட்டவள் ஸில்கே.
அந்த ஆகஸ்டில் ரப்பர் படகில்
டென்மார்க் பக்கம் போனாள்."

போய்ச் சேர்ந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.
வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கத்தி இறங்கியது.
ஓசை என்று சொல்ல முடியாது.
யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்து
வேண்டாம் என்று விட்டதுபோல.
ரப்பரும் ஈரச் செருப்பும் கலந்த வாடை
முதல் வரிசை வரை வந்தது.
குராமிட்சு தன் பந்திலிருந்து விரலை எடுத்தார்.

எழுதினேன்: 14.52, காற்று வெளியேறியது.
வரைவைத் திருத்துகையில்
அந்த வரியைத்தான் முதலில் அடித்தார்கள்.

காப்புரிமை செல்லாது. புதுமை இல்லை.
செலவு முழுதும் உரிமையாளர் தலையில்.
தீர்ப்பின் பத்தொன்பதாம் பக்கத்தில்
பன்னிரண்டு நாக்குகளும் இருக்கின்றன,
மில்லிமீட்டர் கணக்கோடு, ஊமையாக.

சான்றுப்பொருளைத் திருப்பித் தரும் படிவத்தில்
ஒரு கேள்வி:
ஒப்படைத்த நிலையிலேயே பெற்றுக்கொண்டீர்களா?
ஆம். இல்லை.
ரோஸ்விதா என் பேனாவை வாங்கி
வெகுநேரம் அந்தத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்
எழுதினார்:
ஏறக்குறைய.