ஒன்றுக்கு இருபத்துநான்கு

லோரோங் கூலிட் சந்தையில்
ஐந்து வெள்ளிக்கு வாங்கி வந்தார் குணாளன்,
ஆயிரம் துண்டு ஜிக்சா.
ஜார்ஜ் டவுனில் மழை நேரத்துக் கடைவீட்டு வரிசை.
மூடியின் ஓரத்தில் யாரோ
பேனாவால் மலாயில் எழுதியிருந்தார்கள்:
மூன்று குறைவு.

"குறையைச் சொல்லி விக்கிறான், நல்ல மனுஷன்"
என்று அவனுக்கொரு சான்றிதழ் கொடுத்துவிட்டு
சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.
ஒன்றரை மாதம்
கட்டில் விளிம்பில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.
ரசம் வைக்காதே என்றார். வைக்கவில்லை.

எனக்கு வேறு வேலை.
பாயான் லெப்பாஸில்
பன்னிரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில்
கம்பி முனைகளை எண்ணிய அதே கண்ணோடு,
முனை மழுங்கிவிட்டதென்று கம்பெனி கழித்த இடுக்கியோடு
ஐஸ்பெட்டியின் தலையில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.

பிறந்த வீடில்லை.
இருக்கிற ரெலாவ் பிளாட்டும் இல்லை.
புக்கிட் மெர்தாஜாமில் ஒரு டெரஸ் வீடு,
மூலைவீடு கூட இல்லை, நடுவில்.
முன்பணம் கட்டினோம். வங்கி முடியாது என்றது
ஒரே வரியில், அதிலும் என் பெயர் பிழை.
மிஞ்சியது பளபளப்பான விளம்பரத்தாள்.

கூடம் பதினாலடிக்குப் பதினோரடி.
இருபத்துநான்கால் வகுத்தால்
ஏழு அங்குலத்துக்கு ஐந்தரை.
அந்த அளவுக்கு யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை.

தரைக்கு, கோப்பியில் ஊறிய ஐஸ்கிரீம் குச்சி.
கைகழுவும் தொட்டி, தைலப் புட்டியின் மூடி.
அவருடைய வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டையில்
காலியான குமிழெல்லாம் விளக்கு.
படிக்கட்டு மூன்று முறை கோணியது.
நான்காம் முறை இரண்டு விரலால் ஏறிப் பார்த்தேன்,
மேலே போய்க் கொஞ்சம் நின்றேன்.
கொல்லையில் கொடி கட்டினேன்.
காயப்போட எதுவும் தைக்கத் தோன்றவில்லை.

சமையலறைக்குக் கிழக்கே ஒரு சன்னல் வெட்டினேன்.
"பிளான்ல அங்க சன்னல் இல்லையே,
அது பக்கத்து வீட்டுச் சுவரு"
என்றார், மேசையிலிருந்து தலை தூக்காமல்.
"பக்கத்து வீட்டை நான் கட்டலையே" என்றேன்.

சன்னல் இருந்தது.
அதற்கு வெளியே
எங்கள் பிளாட்டின் சுண்ணாம்பு உரிந்த சுவர் மட்டும்.

ஒரு விடிகாலை, பேக்டரி பஸ் இறக்கிவிட்டுப் போனபின்,
அவர் குறட்டையில் இருக்க,
மேசையில் ஒரு துண்டு தனியாகக் கிடந்தது.
ஈர மாடி, திறந்த பலகைக் கதவு,
உள்ளே மஞ்சள் விளக்கு,
முழுதும் இல்லை, முக்கால்.
எடுத்தேன்.
சன்னலுக்கு அப்பால் ஒட்டினேன், எதிர்வீடு மாதிரி.
அளவு பொருந்தாது.
தூரத்து வீடு சின்னதாகத்தானே தெரியும்.

படம் முடிந்த இரவு
ஓட்டை நான்கு.
மெத்தையைப் புரட்டினார், துடைப்பத்தை உதறினார்,
கேட்டுவிட்டு என் யூனிபார்ம் பையிலும் கைவிட்டார்.
நானும் தேடினேன்.
கட்டிலடியில் குனிந்து
நன்றாகவே தேடினேன்.

கடைசியில் டார்ச்சோடு ஐஸ்பெட்டிப் பக்கம் போனார்.
வெளிச்சம் கூடத்தில் நுழைந்து,
படியேறாமல் திரும்பி,
சமையலறையில் நின்றது.
ரொம்ப நேரம்.
பிறகு அணைந்தது.
"மோட்டார் ஓடினா வீடு ஆடுது,
அடியில ரப்பர் வை" என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு படத்தைக் கலைத்துப் பெட்டியில் கொட்டி
அதே சந்தைக்குக் கொண்டுபோனார்.
மூடியில் மூன்றை அடித்து, நான்கு.
நாலு வெள்ளிக்குப் போனதாம்.

ரப்பர் வைத்தேன். இப்போது ஆடுவதில்லை.

முதலிலேயே இல்லாத அந்த மூன்றும்
தொலைந்தவை என்றுதான் நினைத்திருந்தேன்.