இழுத்தால் பதினெட்டு

எம்.சி. ரோட்டில் வாங்கி வந்த தானை
மேஜையில் அவிழ்த்து ஒரு ராத்திரி சும்மா விட்டேன்.
பிறக்கும்போதே கசங்கிய துணி.
ஆலையில் சூட்டோடு முறுக்கி
இனி நிமிராதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
விடிந்து பார்த்தால்
மேஜை ஓரத்தை விட்டு நாலு விரல் உள்ளே தள்ளி
ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.

டேப்பில் பதினொன்று.
பில்லில் பதினெட்டு.
திரும்ப வைத்தேன், பதினொன்றேகால்.
அந்தக் கால்
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போனபோது
மேஜை ஆடியதில் வந்தது.

கடைக்கே திரும்பிப் போனேன்.
நவநீதன் கல்லாவை விட்டு எழவில்லை.
"இழுத்துப் பிடிச்சா பதினெட்டு, உட்டா பதினொண்ணு.
சூரத்துல எனக்கும் இழுத்துதான் அளக்குறான்,
நான் இன்னா பண்ணட்டும்?"
"அப்போ துட்டையும் இழுத்தே தர்றேன், வாங்கிக்கோ."
சிரித்தான்.
அரை மீட்டர் லைனிங் கிழித்துப் பையில் போட்டான்.
அது இழுத்தாலும் அரை மீட்டர்தான்.

காசிமேட்டுக் கல்யாணம்.
பெண்ணின் அக்கா, தங்கச்சி, சித்தி மகள்கள் என்று
ஆறு கவுன், ஆறு உடம்பு, பதினொன்றேகால் மீட்டர்.

சாக்கட்டி இதில் ஓடாது.
மேட்டில் எழுதும், பள்ளத்தைத் தாண்டிவிடும்.
நேர்க்கோடு என்று நான் போட்டது
துணி விரிந்ததும் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது.
கத்தரி பட்டால் போதும்,
எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி விளிம்பு நெளியும்.
பேப்பர் கிழித்து அடியில் வைத்துத் தைத்தேன்.
கையால் இழுக்காமல்
மிஷின் போகிற போக்குக்குப் பின்னால் போய்.
தைத்த பிறகு தாளை உரித்தெடுக்க வேண்டும்;
ஒரு தோள்பட்டைக்குள் பெட்ரோல் விலை கொஞ்சம் தங்கிவிட்டது.
தோளுக்கு மட்டும் காடாத்துணிப் பட்டி.
அது இல்லையென்றால்
கவுன் தன் கனத்திலேயே இறங்கி இறங்கி
கோயில் வாசலைப் பெருக்கும்.

மூன்றாவது கவுனை ரெஜினா
முனிரத்தினம் வண்டிக்கு எடுத்துப் போய்விட்டாள்.
பழக்கதோஷம்.
கரிப்பெட்டி ஒரே ஒருதரம் போனது.
"பாருக்கா, ஒரு சுருக்கம் இல்லாம எட்த்துட்டேன்!"
அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு பெருமை, திட்ட முடியவில்லை.
கவுன் ஒன்றரை ஆள் அகலம் ஆகியிருந்தது.
தண்ணீரில் முக்கிக் கயிறாக முறுக்கி
முடிச்சுப் போட்டு மொட்டை மாடியில் வைத்தேன்.
பாதிதான் திரும்பி வந்தது.
இடப்பக்கம் சுருக்கம்,
வலப்பக்கம் முனிரத்தினம்.
தானின் கரையில் அச்சிட்டிருந்தது: பெர்மனென்ட்.

கடைசியாக வந்தவளுக்கு அதுதான் மிச்சம்.
ஜெயராணி, பெண்ணின் மூத்த அக்கா.
ஐஸ் வண்டியில் தொற்றி வந்தேன் என்று
முந்தானையைப் பிழிந்துகொண்டே திரைக்குப் பின்னால் போனாள்.
வெகுநேரம் வெளியே வரவில்லை.

என் நோட்டில் ஒவ்வொருத்திக்கும் இரண்டு எண்,
விட்டது ஒன்று, இழுத்தது ஒன்று.
இவளுக்கு இடுப்பு மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.
டேப்பைச் சுற்றிய அன்றைக்கு
மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றாள்.
மூன்று தரம் தெருவுக்கே சொல்லி,
மூன்று தரமும் தெருவே வந்து
துக்கம் கேட்டுப்போன வீடு அது.

திரைக்குள்ளிருந்தே கேட்டாள்.
"இது எவ்ளோ தூரம்க்கா இய்க்கும்?"
என் வாயில் இரண்டு குண்டூசி இருந்தது.
எடுத்தேன்.
"டிசம்பர் வரைக்கும்."

உள்ளே சத்தமில்லை.
பிறகு துணி உரசுகிற சத்தம்,
தலை வழியாகக் கழற்றுகிறாள், மெதுவாக.
என்னக்கா டிசம்பர் என்றாள் ரெஜினா.
பாபினை மாத்து என்றேன்.