ஊதக் கூடாது

"ஊதாதீங்க அஞ்சாபுலி அண்ணே, உறிஞ்சுங்க"
என்கிறாள் செரஃபினா,
இருபத்திரண்டு வருஷம்
கடலூர்-பாண்டி தடத்தில்
விசில் ஊதியே பிழைத்தவனிடம்.

கூண்டுக்குள் மூன்று நீலப் பந்துகள்.
ரெட்டிச்சாவடி ஏறிவிட்டது.
தவளக்குப்பம் ஏறி, நடுங்கி, இறங்கிவிட்டது.
மூன்றாவது,
சில்லறை கேட்டதும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஆள் மாதிரி
அசையவே இல்லை.

கோரிமேட்டு வார்டில் ஒருக்களித்துக் கிடக்கிறேன்.
உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுகிறாள்:
பொத் பொத் பொத்.
எத்தனை பஸ்ஸை இப்படித் தட்டியிருப்பேன்,
ஒரு நாளும் கையைக் குழித்ததில்லை.

"கண்ணாடியில ஆவி படியற மாதிரி
ஹா..."
அடியிலிருந்து எதுவோ பெயர்ந்து
கிண்ணத்தில் விழுகிறது, துரு நிறத்தில்.
அவள் எட்டிப் பார்த்து, தேதி எழுதுகிறாள்.

படியில் தொங்கிக்கொண்டிருக்கும் காற்றிடம்
குரலில்லாமல் சொல்கிறேன்:
உள்ள போ, உள்ள போ,
உள்ள எடமிருக்கு.