இன்று ரொக்கம்

முதல் சனிக்கிழமை ஒரு கிலோ பன்றித்தோல் கேட்டான்.
வறுக்கவா என்றேன். தலையாட்டினான்.
அடுத்த சனி இரண்டு கிலோ,
கொழுப்பு வழித்தது, தீயில் வாட்டாதது,
ஓட்டை ஒன்றுகூட இல்லாதது.
மூன்றாம் சனி தோலின்மேல் விரலோட்டிப் பார்த்தான்
ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதுபோல.
வறுத்துத் தின்கிறவன் முகமில்லை அது.

பாஸ்தோ சந்தையில் பன்றி வெட்டுபவள் நான், லுதிவினா.
இருபத்தாறு வருஷக் கத்தி.
வருகிறவன் பசியை
அவன் வாய் திறக்குமுன் எடைபோட்டுவிடுவேன்.
இவன் தராசுக்கு அடங்கவில்லை.

பேர் நோர்பே ஹொஹோவா.
பட்டாளத்தில் பதினோரு வருஷம்,
அதில் ஏழு வருஷம் முழங்காலில்.
ஜெபத்துக்கா என்று கேட்டேன்.
கண்ணிவெடிக்கு என்றான்.
முப்பது டிகிரி சாய்வில் கம்பியை மண்ணில் விடுவானாம்,
ஒரு விரற்கடை, பிறகு இன்னொரு விரற்கடை.
ஏதாவது தட்டினால்
பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளுவானாம்.
ஒரு நாளைக்கு ஒரு கட்டில் அகல நிலம்.
இரும்பு இருந்தால் கருவி கத்திவிடும் என்று
புதைத்தவர்கள் இரும்பு சேர்க்கவில்லை.
பிளாஸ்டிக் டப்பா, கயிறு,
விசைக்கு ஆஸ்பத்திரி ஊசிக்குழாய்.
ஒரு கால் அழுந்தினால் போதும்.

எத்தனை ஊசி எடுத்தாய்?
நூற்றி நாற்பத்திரண்டு.
தவறியது?
தோலைச் சுருட்டிப் பையில் வைத்தான்,
மீதிச் சில்லறை வாங்காமல் போனான்.

கலேராஸ் மலை தெரியாமல் மழை கொட்டிய ஒரு நாள்
என் தோலையே எனக்குத் திருப்பிக் கொண்டுவந்தான்.
விரித்தால்
ஒரு தேன்சிட்டு, ஒரு நங்கூரம்,
முட்டைக்கோஸ் போல ஒரு ரோஜா.
பச்சை உடுப்பைக் கழற்றியவன்
பச்சை குத்தப் பழகுகிறான்!
சிரித்துத் தொலைத்தேன்.
அவனும் ரோஜாவைப் பார்த்துச் சிரித்தான்.
எட்டு மாதமாய்ப் பன்றிதானா?
பன்றி துடிக்காது, என்றான்.
மனிதத் தோல் என்றால் கம்பி பிடித்த நாள் ஞாபகம் வருகிறது.

வெட்டுக்கட்டையைத் துடைத்து
இடது கையை வைத்தேன்.
கத்திக் காயம் ஏற்கெனவே ஆறு இருக்கிறது, உன்னுடையது ஏழு.
பூ வேண்டாம். என் கடைப் பலகையில் இருப்பதை எழுது:
இன்று ரொக்கம், நாளை கடன்.

மெஷின் ரீங்கரித்ததும்
எல்லாரும் பின்னால் போங்க என்றான்.
வரிசையில் நின்ற மூன்று பெண்களும்
கூடையில் கினிப் பன்றி வைத்திருந்த பையனும்
மழைக்குள் இறங்கி நின்றார்கள்.
ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.
அப்புறம்தான் அவனுக்கே புரிந்தது.
காது சிவந்தது.
இது என் கை, வெடிக்காது, குத்து.

'இன்று' முடிய இருபது நிமிஷம்.
'ரொக்கம்' கொஞ்சம் எரிந்தது.
'நாளை'யின் கடைசி எழுத்தில்
தெருவில் எவனோ கார்னிவல் பட்டாசு ஒன்றைக் கொளுத்தினான்.
சத்தம் என் காதில் விழுமுன்
ஊசி என் தோலைவிட்டு நேராக மேலே எழுந்திருந்தது.
ஒரு கீறல் இல்லை.
அந்தக் கை மட்டும் நடுங்கவில்லை.
மற்ற எல்லாம் நடுங்கியது, பல் உட்பட.
சூப் கொடுத்தேன். குடிக்க வெகுநேரம் ஆனது.
மீதி நாளைக்கு, என்றான்.

இப்போது செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே அவன் கடை,
பல் டாக்டரிடம் வாங்கிய பழைய நாற்காலி.
போன வாரம் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவன்
தொடையில் தன் மோப்ப நாயை வரைந்துகொண்டு வந்தான்.
நிஜ நாயும் கூடவே.
அது படத்தைப் பார்க்கவே இல்லை,
என் எலும்புத் தொட்டியைத்தான் பார்த்தது.

நாளை என்ன, என்று என் கையைப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள்.
நோர்பேயைப் போய்க் கேளுங்கள் என்கிறேன்.
நாலு வருஷமாகிறது. கேட்டால் நாளை என்கிறான்,
புதுப் பையன்கள் பழகத் தோல் வாங்கும்போது மட்டும்
ரொக்கம் சரியாகக் கொடுக்கிறான்.
'ரொ' சாய்ந்திருக்கிறது.
அளந்து பார், முப்பது டிகிரிதான் என்றேன்.
குனிந்து, நிஜமாகவே அளந்தான்.