ஐஸ் கம்பெனியில் ஏழு பேர்

காரைக்குடி லாட்ஜ் மாடியில் பதினோரு பேர்.
மதுரையில் மழை; நாலு பேர், அதில் ஒருத்தர் வாட்ச்மேன்.
இன்று மண்டபத்தில்
மூடிக் கிடக்கும் ஐஸ் கம்பெனிக்குள்
என்னோடு சேர்த்து ஏழு.
பழைய மீன்வாடை. செருப்புக்குள் ஏறும் சிமெண்டின் ஈரம்.

சர்ச்சில் கழித்துப் போட்ட கரண்ட் ஆர்கனில்
ஒரே கட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறாள் டெல்பின்,
பத்து நிமிஷமாக.
அதன்மேல் டீசல் மாதிரிப் பரவுகிறது
இபுராம்சாவின் கிடார்.
பாட்டுக்கு வரி கிடையாது.
ஒன்பது பாகை, பதினேழு கலை என்று
படகு வயர்லெஸ் குரலில்
எண்களை வாசிக்கிறான் ரெமிஜியூஸ்,
கொட்டகையே கயிறு அறுந்து
எங்கோ மேலே போய்விட்டதைக்
கரைக்குச் சொல்கிறவன்போல.

கரண்ட் போனது.

டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை.
இருட்டில் யாரோ ஐஸ் அச்சைத் தட்டினார்கள்,
நான்தான்.
தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில்
எண்ணிப் பார்த்தேன், ஆறு நட்சத்திரம்.
ஏழாவது ஓட்டையில் ஒன்றுமில்லை.

திரும்ப வந்தபோது
விளக்குக்கு முன்னால் வந்தது அந்தச் சத்தம்.
டெல்பின் விரலை எடுக்கவே இல்லை.

விடிந்தால் ரெமிஜியூஸுக்குக் கடல் டோக்கன்.
டிரம்ஸை மீன்வண்டியில் ஏற்றிக் கட்டினோம்.
"அடுத்தது தொண்டியில். தேதி தெரியாது."
சரி என்றேன்,
காது இன்னும் திறக்காமல்,
கொஞ்சம் சத்தமாகவே.